மூன்று எலும்புகளிலிருந்து கொழும்பு நீதிமன்றம் வரை: சட்ட மருத்துவர் சிட்னி ஸ்மித்தின் வாழ்க்கை

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி பிற்பகல், கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு வீட்டின் கராஜில் பெண்ணொருவரின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்த அவர், அன்றைய சிலோனின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்களில் ஒருவராகக் கருதப்பட்ட மகாதேவ சதாசிவத்தின் மனைவி. அன்றைய தினமே சதாசிவம் கைது செய்யப்பட்டார். 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் 215 ஓட்டங்களைக் குவித்தவர், 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் விளையாடியபோது சிலோன் அணிக்குத் தலைமை தாங்கியவர் என்ற புகழோடு வாழ்ந்த ஒரு தமிழர், தூக்குமேடையை எதிர்நோக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

அவருக்காகச் சாட்சியமளித்தவர்களில் முக்கியமானவர், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 25 ஆண்டுகள் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த சேர் சிட்னி ஸ்மித். குற்றம் நடந்த இடத்தில் காணப்படும் பொருள்கள், மனிதர்களின் வாக்குமூலங்களைக் காட்டிலும் நம்பகமானவை என்ற கருத்தைத் தனது வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய அவரது வாழ்க்கை, நவீன தடயவியல் வளர்ந்த கதையாகவும், அந்த அறிவியலின் வரம்புகளைக் காட்டும் கதையாகவும் இருக்கிறது.

மருந்துக் கடையிலிருந்து எடின்பரோவுக்கு

சிட்னி ஆல்பிரட் ஸ்மித் 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் உள்ள ரொக்ஸ்பரோ என்ற சிறிய ஊரில் பிறந்தார். இளமையில் மருந்து கலக்கும் தொழிலைப் பயின்ற அவர், பின்னர் மருத்துவம் கற்பதற்காக எடின்பரோவுக்குச் சென்று 1912இல் முதல் வகுப்பில் தேறினார்.

எடின்பரோவுக்குக் குற்றப் புலனாய்வு வரலாற்றில் தனியிடம் உண்டு. நோயாளியின் கைகளையும் காலணிகளையும் நடையையும் பார்த்தே அவரது தொழிலையும் ஊரையும் கூறிவிடும் ஆற்றல் படைத்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோசப் பெல் அங்குதான் கற்பித்தார். அவரது மாணவராக இருந்த ஆர்தர் கோனன் டொயில், அவரை மனதில் கொண்டே ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற பாத்திரத்தை உருவாக்கினார். அதே நகரில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹார்வி லிட்டில்ஜோனிடம் ஸ்மித் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலகட்டத்தில் இத்துறை இன்னும் முழு வடிவம் பெற்றிருக்கவில்லை. ஆஸ்திரிய நீதவான் ஹான்ஸ் குரொஸ், குற்றப் புலனாய்வு அதிகாரிகளுக்கான கைநூலை 1893இல் வெளியிட்டிருந்தார். பிரான்சின் லியோன் நகரில் எட்மோன் லொக்கார்ட் 1910இல் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவியிருந்தார். ஒருவர் ஓரிடத்தில் நுழைந்தால் எதையேனும் விட்டுச் செல்கிறார், எதையேனும் எடுத்துச் செல்கிறார் என்பதே லொக்கார்டின் பெயரால் இன்று அறியப்படும் கோட்பாடு. ஆனால் பெரும்பாலான நாடுகளில் புலனாய்வு என்பது சந்தேக நபரைப் பிடித்து அவரிடமிருந்து வாக்குமூலம் பெறுவதாகவே இருந்து வந்தது.

எகிப்தில் பதினோரு ஆண்டுகள்

நியூசிலாந்தில் சில காலம் பொதுச் சுகாதார அதிகாரியாகவும் இராணுவ மருத்துவராகவும் பணியாற்றிய பின்னர், 1917இல் ஸ்மித் எகிப்திய நீதி அமைச்சின் சட்ட மருத்துவ நிபுணராகப் பொறுப்பேற்றார். பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் இருந்த எகிப்தில் அப்போது அரசியல் கொந்தளிப்பு நிலவியது. கொலைகளின் எண்ணிக்கையும் அதிகமாக இருந்தது. ஐரோப்பாவில் ஒரு சட்ட மருத்துவர் தன் வாழ்நாளில் காணாத அளவு வழக்குகளை அவர் சில ஆண்டுகளிலேயே கண்டார்.

அங்கு அவருக்குப் பெயர் பெற்றுத் தந்த வழக்குகளில் ஒன்று, பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று எலும்புகளைப் பற்றியது. விலங்கின் எலும்புகளா, மனித எலும்புகளா என்பதை அறிவதற்காகப் பொலிஸார் அவற்றை அவரிடம் அனுப்பினர். இரண்டு இடுப்பெலும்புகளும், அவற்றை இணைக்கும் திருவெலும்பும் மட்டுமே அங்கு இருந்தன. அவை இருபதுகளின் முற்பாதியில் இருந்த, மெலிந்த உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணுடையவை என்று ஸ்மித் தெரிவித்தார். இடுப்பெலும்பின் அகன்ற அமைப்பு பாலினத்தையும், எலும்பு விளிம்புகள் முழுமையாக ஒட்டிக்கொள்ளாதிருந்த நிலை வயதையும் காட்டின. ஒரு பக்கத்து எலும்பு மற்றதைவிடச் சிறுத்திருந்ததால், அவர் சிறு வயதிலிருந்தே நொண்டி நடந்திருக்க வேண்டும் என்று கூறினார். எலும்பில் பதிந்திருந்த கையால் வார்க்கப்பட்ட ஈயக் குண்டு, அவர் சுடப்பட்டதைக் காட்டியது. காயத்தைச் சுற்றி எலும்பில் தோன்றியிருந்த அழற்சி, சுடப்பட்ட பின்னர் அவர் சில நாள்கள் உயிருடன் இருந்ததை உணர்த்தியது.

இந்த விவரங்களைக் கொண்டு தேடிய பொலிஸார், அத்தகைய பெண்ணொருவர் காணாமல் போயிருந்ததைக் கண்டறிந்தனர். துப்பாக்கி தவறுதலாக வெடித்து மகள் காயமடைந்ததாகவும், அவர் இறந்ததும் உடலைக் கிணற்றில் போட்டதாகவும் தந்தை ஒப்புக்கொண்டதாக ஸ்மித் பின்னாளில் எழுதினார். புலனாய்வின் வரிசை இங்கு தலைகீழாக மாறியிருந்ததைக் கவனிக்க வேண்டும். வாக்குமூலத்தை வைத்துச் சான்று தேடப்படவில்லை. சான்று முதலில் பேசியது, வாக்குமூலம் பிறகு வந்தது.

கெய்ரோ கொலையும் துப்பாக்கி ரவைகளும்

1924ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, எகிப்திய இராணுவத்தின் தளபதியும் சூடானின் ஆளுநருமான சேர் லீ ஸ்டாக், கெய்ரோ வீதியொன்றில் காரில் சென்றுகொண்டிருந்தபோது சுடப்பட்டார். மறுநாள் அவர் உயிரிழந்தார். நவம்பர் 22ஆம் திகதி பிரிட்டிஷ் உயர் ஸ்தானிகர் அலன்பி பிரபு எகிப்திய அரசுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தார். ஐந்து லட்சம் பவுண் இழப்பீடு, சூடானிலிருந்து எகிப்தியப் படைகளை விலக்குதல் என்பன அதன் நிபந்தனைகளில் அடங்கும். மக்களால் தெரிவு செய்யப்பட்ட பிரதமர் ஸாத் ஸக்லூல் பதவி விலகினார்.

யார் சுட்டார்கள் என்பது தெரியவரும் முன்னரே ஓர் அரசாங்கம் வீழ்ந்திருந்தது. அரசியல் நடவடிக்கைக்குச் சில நாள்கள் போதுமாக இருந்தன. சான்றுகள் நீதிமன்றத்திற்கு வருவதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

அந்தச் சான்றுகளில் முக்கியமானவை துப்பாக்கி ரவைகள். ஒரு துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளும், அதன் உள்பரப்பில் உள்ள நுண்ணிய குறைபாடுகளும், வெளியேறும் ஒவ்வொரு ரவையிலும் கீறல்களாகப் பதிகின்றன. இரு துப்பாக்கிகள் ஒரே தொழிற்சாலையில் தயாரானவையாக இருந்தாலும் அக்கீறல்கள் ஒன்றுபோல் அமைவது அரிது. முந்தைய அரசியல் கொலைகளில் கிடைத்த ரவைகளையும் ஸ்மித் பாதுகாத்து வைத்திருந்தார். ஸ்டாக்கின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட ரவைகளில் சில, முன்னரும் பயன்படுத்தப்பட்ட ஒரு கோல்ட் ரகக் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை என்பதை நுணுக்குக்காட்டியின் உதவியுடன் அவர் இனங்கண்டார். பின்னர் சந்தேக நபர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆயுதங்களைச் சோதனைக்காகச் சுட்டுப் பார்த்தபோது, அந்தக் கீறல்கள் பொருந்தின. 1925இல் வழக்கு முடிவடைந்து பலர் தூக்கிலிடப்பட்டனர். இந்த ஆய்வை ஸ்மித் 1926இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்.

ஏகாதிபத்திய நிர்வாகம் ஒன்றின் அதிகாரியாக இருந்துகொண்டுதான் அவர் இதைச் செய்தார் என்பது உண்மையே. தண்டனையின் கடுமை குறித்தும், அதைச் சூழ்ந்த அரசியல் குறித்தும் எகிப்தில் வேறு பார்வைகள் உண்டு. ஆனால் அவர் கையாண்ட முறை, யாருடைய கையில் இருந்தாலும் அதே விடையைத் தரக்கூடியதாக இருந்தது. அதுவே அதன் பலம்.

குற்றம் நடந்த இடம் குலைந்தால்

1926இல் விடுமுறையில் எடின்பரோவுக்கு வந்திருந்த ஸ்மித்திடம், லிட்டில்ஜோன் ஒரு வழக்கைப் பற்றிக் கூறினார். பெர்தா மெரட் என்ற பெண் தனது வீட்டில் காதருகே சுடப்பட்டு, இரு வாரங்களின் பின்னர் மருத்துவமனையில் இறந்திருந்தார். வீட்டில் இருந்த அவரது 17 வயது மகன் டொனல்ட், தாய் தற்கொலை செய்துகொள்ள முயன்றதாகத் தெரிவித்திருந்தார். பொலிஸார் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். லிட்டில்ஜோனும் தற்கொலையாக இருக்கலாம் என்றே முதலில் கருதினார்.

காயத்தைச் சுற்றி வெடிமருந்துக் கரியோ தீய்ந்த அடையாளமோ இல்லாததை ஸ்மித் சுட்டிக்காட்டினார். தன்னைத் தானே சுட்டுக்கொள்பவரின் துப்பாக்கி முனை தோலுக்கு மிக அருகில் இருக்கும். அந்நிலையில் கரி படியாமல் இருப்பது அரிது. அதே துப்பாக்கியையும் அதே வகை ரவைகளையும் கொண்டு பல்வேறு தூரங்களிலிருந்து சுட்டுப் பார்க்குமாறு அவர் ஆலோசனை கூறினார். பரிசோதனைகளின் பின்னர் லிட்டில்ஜோன் தனது கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஆனால் காலம் கடந்திருந்தது. முதலில் அங்கு சென்ற பொலிஸார் துப்பாக்கியை எடுத்துச் சுற்றி வைத்திருந்தனர். அது அறையில் சரியாக எந்த இடத்தில் கிடந்தது என்பதை அவர்களால் நீதிமன்றத்தில் உறுதியாகக் கூற முடியவில்லை. காயமுற்ற பெண் நினைவோடு இருந்த நாள்களில் அவரிடம் முறையான வாக்குமூலம் பெறப்படவும் இல்லை. 1927இல் ஸ்கொட்லாந்துச் சட்டத்திற்கே உரிய, நிரூபிக்கப்படவில்லை என்ற தீர்ப்பைக் கொலைக் குற்றச்சாட்டில் ஜூரிகள் வழங்கினர். காசோலை மோசடிக்காக மட்டும் டொனல்ட் மெரட் சிறை சென்றார். 27 ஆண்டுகளின் பின்னர், 1954இல், வேறு பெயரில் வாழ்ந்த அதே மனிதர் இலண்டனில் தன் மனைவியையும் மாமியாரையும் கொன்றுவிட்டு, ஜெர்மனியில் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இன்று பொலிஸ் பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் அடிப்படை விதிகள் இத்தகைய தவறுகளின் விளைவாகவே உருவாயின. முதலில் செல்லும் அதிகாரியின் கடமை, காயமுற்றவர் இருந்தால் உயிரைக் காப்பாற்றுவதும், அதன்பின் அந்த இடத்தை மூடிப் பிறர் நுழையாமல் தடுப்பதுமாகும். எதையும் தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும், அளந்து வரைபடம் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பொதி செய்து, எடுத்த இடம், நேரம், எடுத்தவர் ஆகிய விவரங்களைக் குறிக்க வேண்டும். ஈரமான துணிகளை உலர வைத்த பின்னரே காகிதப் பைகளில் இட வேண்டும். அந்தப் பொதி யார் யார் கைகளுக்கு மாறியது என்ற பதிவு, நீதிமன்ற மேசை வரை அறுபடாமல் தொடர வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், உள்ளே இருக்கும் பொருளின் மதிப்புச் சந்தேகத்திற்கு உள்ளாகிவிடும்.

நிபுணரின் சொல் போதுமா?

லிட்டில்ஜோனின் மறைவுக்குப் பின்னர், 1928இல் ஸ்மித் எடின்பரோவில் அவரது இடத்துக்கு வந்தார். அக்காலத்தில் பிரிட்டனில் சட்ட மருத்துவம் என்றாலே சேர் பெர்னாட் ஸ்பில்ஸ்பரியின் பெயர்தான் மக்களின் நினைவுக்கு வரும். அவர் ஒன்றைக் கூறினால் ஜூரிகள் அதை ஐயமின்றி ஏற்பது வழக்கமாகியிருந்தது.

1929இல் மார்கேட் நகர ஹோட்டல் ஒன்றில் ஏற்பட்ட தீயின்போது இறந்த முதிய பெண்ணை, அவரது மகன் சிட்னி பொக்ஸ் கழுத்தை நெரித்துக் கொன்றதாக வழக்குத் தொடரப்பட்டது. தோண்டி எடுக்கப்பட்ட உடலின் குரல்வளையின் பின்புறத்தில் கன்றிய காயமொன்றைக் கண்டதாக ஸ்பில்ஸ்பரி சாட்சியமளித்தார். எதிர்த்தரப்புக்காக அந்த உறுப்பைப் பரிசோதித்த ஸ்மித்தும் மற்றொரு நிபுணரும் அப்படி எதையும் காணவில்லை. தான் பார்த்தபோது இருந்தது, பின்னர் மறைந்துவிட்டது என்பதே ஸ்பில்ஸ்பரியின் விளக்கம். அதற்குப் படமோ, நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கான மாதிரியோ இருக்கவில்லை. பொக்ஸ் 1930 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

பொக்ஸ் குற்றமற்றவர் என்று கூறுவது கடினம். தாயின் உயிருக்கு அவர் காப்புறுதி எடுத்திருந்தார், அதன் காலம் முடிவதற்குச் சற்று முன்னரே மரணம் நிகழ்ந்திருந்தது. ஆனால் இங்கு எழுந்த கேள்வி வேறு. ஒருவர் மட்டும் கண்ட, மற்றவர் சரிபார்க்க முடியாத ஒன்றைச் சான்று என்று அழைக்கலாமா என்பதே அது. அக்கேள்விக்கு ஸ்மித் இல்லை என்றே விடையளித்தார். பிற்கால ஆய்வாளர்கள் ஸ்பில்ஸ்பரியின் வேறு சில வழக்குகளையும் ஐயத்துடன் மீளாய்வு செய்திருக்கிறார்கள்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாக, பம்பாயில் பிறந்த பார்சி இன மருத்துவர் பக் ரக்ஸ்டனின் வழக்கு அமைந்தது. 1935 செப்டம்பரில் ஸ்கொட்லாந்தின் மொபட் நகருக்கு அருகே, துண்டாக்கப்பட்ட இரு பெண்களின் உடற்பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. கிளாஸ்கோ பேராசிரியர் ஜோன் கிளைஸ்டர், உடற்கூற்றியல் பேராசிரியர் ஜேம்ஸ் பிராஷ் ஆகியோருடன் ஸ்மித்தும் பங்கேற்ற குழு, அந்தப் பகுதிகளை ஒன்றிணைத்து, ஒரு மண்டையோட்டின் படத்தை ரக்ஸ்டனின் மனைவியின் புகைப்படத்தின் மீது பொருத்திப் பார்த்து அடையாளம் கண்டது. உடற்பகுதிகளைச் சுற்றியிருந்த செய்தித்தாள் லங்காஸ்டர், மோர்கம் பகுதிகளில் மட்டும் விநியோகிக்கப்பட்ட சிறப்புப் பதிப்பு என்பது புலனாய்வாளர்களை ரக்ஸ்டனின் ஊருக்கே அழைத்துச் சென்றது. இங்கு எதுவும் ஒரே நிபுணரின் சொல்லில் தங்கியிருக்கவில்லை. எல்லாமே படமாகவும் அளவாகவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன.

பம்பலப்பிட்டி வீடு

சதாசிவம் வழக்கு ஸ்மித்தின் பணிக்காலத்தின் இறுதியில் வந்தது. குடும்பத்தில் பிணக்கு இருந்ததும், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்ததும் பொலிஸாரின் சந்தேகத்தைக் கணவர் பக்கம் திருப்பின. கொலை நடப்பதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த வீட்டு வேலையாள், கொல்லப்பட்டவரின் நகைகளுடன் தலைமறைவாகிப் பின்னர் பிடிபட்டார். சதாசிவமும் தானும் சேர்ந்து மாடியிலுள்ள படுக்கையறையில் கொலை செய்து, உடலைக் கீழே கராஜுக்குக் கொண்டுவந்ததாக அவர் கூறினார். நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டு, அவர் அரச தரப்புச் சாட்சியானார்.

ஆகவே வழக்கின் மையத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது, கொலை எங்கு நடந்தது? இரண்டாவது, எப்போது நடந்தது? அன்று முற்பகல் சுமார் பத்தரை மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வீட்டிலிருந்து புறப்பட்டார். மரணம் அதற்குப் பின் நிகழ்ந்திருந்தால் அவர் குற்றவாளியாக இருக்க முடியாது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியான கொல்வின் ஆர். டி சில்வா, ஸ்மித்தின் உதவியை நாடினார். சடலத்தின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கு, சமையலறைத் தரையோடு பொருந்தியதை ஸ்மித் கவனத்தில் எடுத்தார். கழுத்தருகே கிடந்த மர உரலும் சமையலறைக்குரிய பொருள். படுக்கையறையில் கொல்லப்பட்டு மாடியிலிருந்து தூக்கி வரப்பட்ட ஒருவரின் பாதங்களில் அந்த அழுக்கு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சியின் கதையில் விடை இருக்கவில்லை. கொலை சமையலறையில் நடந்திருக்க வேண்டும் என்பது ஸ்மித்தின் முடிவு. வேலையாளின் உடலில் காணப்பட்ட கீறல்களும் நீதிமன்றத்தில் விரிவாக ஆராயப்பட்டன.

மரண நேரம் குறித்து நிபுணர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. உடல் குளிரும் வேகத்தைக் கொண்டு நேரத்தைக் கணிக்கும் முறை, குளிர் நாடுகளில் உருவானது. வெப்ப நாடான இலங்கையில் உடல் மிக மெதுவாகவே குளிரும். உடலைப் பரிசோதித்த கொழும்புச் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம், பின்னர் வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகியோருடன் இணைந்து இது குறித்து ஆய்வொன்றை 1955இல் வெளியிட்டார். மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் உடல்களே அதற்குப் பயன்பட்டன. அவர்கள் இறந்த நேரம் துல்லியமாகத் தெரியும் என்பதே காரணம். வெப்ப நாடுகளுக்கான முன்னோடி ஆய்வுகளில் ஒன்றாக அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

57 நாள்கள் நீடித்த விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25ஆம் திகதி, சதாசிவம் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் ஏகமனதாக அறிவித்தனர். ஏறத்தாழ 20 மாதங்கள் சிறையில் கழித்த பின்னர் அவர் விடுதலையானார். ஜூரிகள் தங்கள் தீர்ப்புக்குக் காரணம் கூறுவதில்லை. ஆகவே ஸ்மித்தின் சாட்சியம் எந்த அளவுக்கு அதைத் தீர்மானித்தது என்று அறுதியிட முடியாது. எனினும் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பேசிய ஒரு சாட்சியின் சொல்லுக்கு எதிராக, பாதத்தில் ஒட்டியிருந்த அழுக்கு நீதிமன்றத்தில் எடை பெற்றது.

எஞ்சியிருக்கும் கேள்வி

ஸ்மித் 1953இல் ஓய்வு பெற்றார். 1949இல் சேர் பட்டம் பெற்றிருந்த அவரை, 1954இல் எடின்பரோ மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகத் தெரிவு செய்தனர். 1959இல் தனது நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1969இல் எடின்பரோவில் காலமானார். ஸ்கொட்ஸ் மொழிக் கவிஞராகப் புகழ்பெற்ற சிட்னி குட்சர் ஸ்மித் அவரது மகன். சதாசிவம் பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் விளையாடி, 1977இல் கொழும்பில் மறைந்தார்.

ஸ்மித்தின் காலத்தில் மரபணுப் பரிசோதனை இல்லை. இன்று ஒரு துளி வியர்வை போதும். ஆனால் அந்தத் துளியைச் சேகரிப்பவர் கையுறை அணியாவிட்டால், பொதியில் பெயர் எழுதாவிட்டால், அந்த முன்னேற்றத்தால் பயனில்லை. வாக்குமூலத்தின் மீதான நம்பிக்கையும் மறைந்துவிடவில்லை. இலங்கையின் சாதாரணச் சாட்சியச் சட்டம், பொலிஸாரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பதில்லை. 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு விலக்களித்தது. அந்த விலக்கின் அடிப்படையில் சிறை சென்றவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். பொருள்களைத் தேடும் உழைப்பைவிட ஒரு கையெழுத்தைப் பெறுவது எளிது என்பது எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்.

பம்பலப்பிட்டி வீட்டில் நடந்த கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. குற்றமற்றவர் என ஜூரிகள் அறிவித்த ஒருவரைத் தூக்குமேடையிலிருந்து மீட்க, எஞ்சியிருந்த தடயங்கள் போதுமாக இருந்தன. அன்று தாயை இழந்த குழந்தைகளுக்கு, அதைச் செய்தவர் யார் என்பதை நீதிமன்றத் தீர்ப்பாகச் சொல்ல அவை போதவில்லை.